தையல் ரூமுக்கு வாங்கிய ஏசி

பாபநாசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு கையிலும் லைனிங் துணிப் பைகளோடு கத்திரி வெயிலில் தெருமுனை திரும்பியதும் ஃபிளோராவின் கண்ணில் முதலில் பட்டது அந்த வெள்ளைப் பெட்டிதான். ஏசியின் அவுட்டோர். புத்தம் புதிதாக, இரும்புச் சட்டத்தின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்ததில் ஒரு குறையும் இல்லை, உட்கார்ந்த இடம்தான் வேறு. தெருப்பக்கம் தையல் ரூம் ஜன்னலை ஒட்டி இருக்க வேண்டியது, பக்கச் சுவரின் பின்கோடியில், முருங்கை மரத்துக்கு மேலே, படுக்கையறைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தற்காலிகமாக மாட்டி வைத்திருப்பார்களோ என்று ஒரு கணம் நினைத்தாள். எந்த மடையன் சுவரைக் குடைந்து போல்ட் அடித்துத் தற்காலிகமாக மாட்டுவான்?

வீட்டு வாசலில் பைகளைக் கீழே வைத்துவிட்டு ஏசிக்காரர் ஜெரால்டுக்கு ஃபோன் போட்டாள். மணி அவள் வீட்டு முற்றத்திலேயே அடித்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், ஆளைக் காணோம். கவிழ்த்த வாளி மேல் அவருடைய ஃபோன் மட்டும் மல்லாந்து கிடந்து கத்திக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் பெரிய எழுத்தில் 'குழந்தைராஜ் அண்ணன் வீடு' என்று ஓடியது. ஃபிளோரா தன் கையில் இருந்த ஃபோனைப் பார்த்தாள், வாளி மேல் இருந்ததைப் பார்த்தாள். அடிப்பது அவள் நம்பர்தான். இரண்டு மாதமாக அந்த மனுஷனைக் கூப்பிட்டது அவள், பேசியது அவள், வழி சொன்னது அவள். அவள் வீட்டுக்காரர் குழந்தைராஜ் ஒருநாள்கூட அந்த ஆளிடம் ஃபோனில் பேசியதில்லை. ஆனாலும் அவள் பெயர் அதில் இல்லை.

தையல் ரூம் என்றால் பெரிய கடையொன்றும் இல்லை. வீட்டுக்கு முன்னால் சிமென்ட் ஷீட் போட்டு இறக்கிய ஒரு சாய்ப்பு. ஆனால் சுற்றுவட்டாரத்தில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை என்றால் ஃபிளோரா என்றுதான் சொல்வார்கள். ஃபேனைப் போட்டால் வெட்டிவைத்த பட்டு பறக்கும், ஜரிகை நூல் சிக்கு விழும். அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு, ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கொதிக்கிற ஷீட்டுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருப்பாள். போதாக்குறைக்கு வயது நாற்பத்தெட்டு. மாதவிலக்கு நிற்கிற காலம். வெளியில் இருக்கிற சூடு பத்தாதென்று உள்ளே யாரோ அடுப்பை மூட்டிவிட்டதுபோல நெஞ்சிலிருந்து கிளம்பிக் காது வரைக்கும் எரியும். போன கோடையில் பக்கத்து வீட்டு அனுசுயாவின் தங்கைக்கு முகூர்த்த ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தபோது மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, இளஞ்சிவப்புப் பட்டில் விழுந்தது. கறை போகவே இல்லை. முழுக் கையையும் பிரித்துப் புதுத் துணியில் மறுபடி செய்து கொடுத்தாள். அனுசுயா நல்லவள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சேதி எப்படியோ பரவிவிட்டது. வேர்வை ஊற்றித் தைக்கிற இடமாம் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் கும்பகோணத்துக்குப் பஸ் ஏற ஆரம்பித்தார்கள். இந்தக் கோடையும் அப்படிப் போனால் ஊசியைக் கீழே வைக்க வேண்டியதுதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்காகத்தான், ரவிக்கை ரவிக்கையாகத் தைத்துச் சேர்த்துத்தான், அந்த ஏசி.

வாங்குவதுகூடப் பெரிதில்லை. மாட்ட ஒரு நம்பிக்கையான ஆளைப் பிடிப்பதற்குள் அவள் பட்ட பாடு இருக்கிறதே. தஞ்சாவூரிலிருந்து வந்த முதல் ஆள் ரூமையே பார்க்கவில்லை. "சார் இல்லீங்களா மேடம்? சார் வந்ததும் கூப்பிடுங்க, அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அடுத்தவன் நாற்காலியை விட்டு எழாமலேயே, "ரெண்டு டன்னா போட்டுடுவோம், சும்மா சில்லுன்னு இருக்கும்" என்றான். என்ன ரூம், எத்தனை பேர், என்ன வேலை, எதையும் கேட்கவில்லை. ஜெரால்ட்தான் உள்ளே வந்தார். சர்ச் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர், குரல் கணீரென்று இருக்கும். அவர் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வெள்ளை கவுன் தைத்துக் கொடுத்ததே ஃபிளோராதான். ஷீட்டுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார், சுவரில் கையை வைத்துப் பார்த்தார்.

"அக்கா, இந்த ஷீட்டுக்குக் கீழ அப்படியே மாட்டுனா வெயிலுக்கு ஏசி போட்ட மாதிரிதான் இருக்கும். மொதல்ல ஃபால்ஸ் சீலிங் அடிங்க. அடிச்சிட்டுக் கூப்பிடுங்க. அடிக்கலன்னா நான் மாட்ட மாட்டேன்."

வந்த வேலையை வேண்டாம் என்று சொல்கிற ஆளை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். இவர்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். சீலிங் அடித்தாள். மறுபடி அவர் வந்தபோது, துணியில் குறிபோடுகிற நீலச் சாக்கட்டியால், எந்த உயரம், எந்த அகலம் என்று சுவரில் கட்டம் போட்டே காட்டினாள். அவரும் தலையை ஆட்டி, "சரியான எடம்க்கா. காத்து நேரா மேல அடிக்காது, துணியும் பறக்காது" என்றார். கோயிலில் வாசகம் வாசிக்கிறவர் வாயால் சொன்னது. அதற்கு மேல் ஒரு மனுஷி என்ன உத்தரவாதம் கேட்பாள்?

இப்போது கையைத் துடைத்துக்கொண்டே கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தார் ஜெரால்ட். முகத்தில் வேலை நல்லபடி முடிந்த திருப்தி.

"வாங்கக்கா. சுத்தமா முடிஞ்சிது. போட்டுத்தான் விட்டிருக்கேன், உள்ள போயிப் பாருங்க."

"எங்க மாட்டியிருக்கீங்க தம்பி?"

"பெட்ரூம்லதான். காலைல அண்ணன் கூடவே நின்னு எடம் காட்டுனாரு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டீங்களா?"

"அண்ணனே பக்கத்துல நிக்கிறப்ப உங்கள எதுக்குக்கா தொந்தரவு பண்ணணும்னு…"

தொந்தரவாம். ரத்தம் தலைக்கேறியது ஃபிளோராவுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள். உள்ளே ஏசி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நெரிசலும் ரோட்டுப் புழுதியும் வேர்வையுமாக வந்த உடம்பில் அந்தக் குளிர்ச்சி பட்டதும் தோள் தானாக இறங்கியது, கண் தானாக மூடியது. கழுத்து வேர்வை காய்வது தெரிந்தது. ஆகா என்றிருந்தது. அந்த ஆகாதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. இந்தச் சுகம் தன் ஊசி இருக்கும் இடத்தில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? மகள் லின்சியின் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய கட்டில், புது விரிப்பு விரித்து, ஆளில்லாமல் காற்று வாங்கிக்கொண்டு கிடந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உரக்கடையிலிருந்து குழந்தைராஜ் வந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, நல்லா இருக்கே" என்றார். ஃபிளோரா சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். அவர் முதல் உருண்டையை வாயில் வைத்த பிறகுதான் கேட்டாள்.

"தையல் ரூமுக்கு வாங்குனது இங்க எப்படி வந்துச்சு?"

"வீட்டுக்குத்தானே போட்டிருக்கு. நாளைக்கு மாப்பிள்ளை வர்றாரு. சர்ச் தேர்த் திருவிழா முடியிற வரைக்கும் இருக்கப் போறாங்க. மெட்ராஸ்ல ஏசியிலயே இருக்கிற புள்ள, இங்க வேர்த்துக்கிட்டுக் கெடக்கட்டும்ங்கிறியா?"

"என் ரூம்ல நான் வேர்க்கலயா?"

"சீலிங் அடிச்சாச்சே. அந்த ரூமுக்கு அதுவே போதும். தைக்கிற எடத்துல போயி ஏசி மாட்டுனா தெருவே சிரிக்கும். ஒனக்கு வேணும்னா மத்தியானத்துல கொஞ்ச நேரம் உள்ள வந்து படுத்துக்க."

"மாப்பிள்ளை ஆல்பின் ஏசி வேணும்னு கேட்டாரா?"

"கேட்டுத்தான் செய்யணுமா? அதெல்லாம் கேக்காம செய்யிறதுதான் மரியாதை."

"நான் கேட்டேனே" என்றாள் ஃபிளோரா.

அவர் ரசம் ஊற்றச் சொன்னார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. குடிக்கிறவர், அடிக்கிறவர் என்றால் தெருவுக்கு இழுத்து நியாயம் கேட்கலாம். இவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வாங்கி வந்து தானே வெட்டிக் கொடுப்பார். ஆனால் இருபத்தைந்து வருஷமாக இந்த வீட்டு உலையில் கொதித்த சோற்றில் பாதி அந்த ஷீட்டுக்கு அடியிலிருந்துதான் வந்தது என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை. அவள் செய்வதற்கு வேலை என்று பெயரில்லை. 'தைக்குது' என்று சொல்வார், மழை பெய்யுது என்று சொல்வதைப் போல. மாப்பிள்ளை வந்து தங்கப்போகிற கொஞ்ச நாளுக்கு ஒரு மரியாதை உண்டு. வருஷம் பூராவும் குனிந்து கிடக்கிற முதுகுக்கு என்ன உண்டு? மத்தியானத்தில் வந்து படுத்துக்கொள்ள அனுமதி உண்டு.

அவர் கடைக்குக் கிளம்பிப் போன பிறகு, சாமான்களைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஜெரால்டிடம் போய் நின்றாள்.

"தம்பி, அதைக் கழட்டி நாம பேசுன எடத்துல மாட்டிக் குடுங்க."

ஜெரால்ட் பையின் வாரை இழுத்துப் பார்த்தார், விட்டார். "மாட்டலாம்க்கா. பெரிய விஷயமில்ல. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா நாளன்னைக்கே வந்து…"

"அண்ணன் சொல்லணும்."

"தப்பா எடுத்துக்காதீங்க. குடும்பத்துக்குள்ள நான் புகுந்த மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க."

"அதான் காலைலயே புகுந்தாச்சே."

அவர் முகம் சுருங்கிப் போனது. "அக்கா, நான் ஒரு பொருள்லகூட ஏமாத்தல. எல்லாம் நல்ல காப்பர் பைப். வந்து தொட்டுப் பாருங்க. உங்க வீட்டுக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கேன்."

"தெரியும். அதனாலதான் யார்கிட்ட போயி என்னன்னு சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்க திருடியிருந்தா தெருவுல நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்பேன். தெருவும் என் பக்கம் பேசும். இப்ப போயிச் சொன்னா, நல்லாத்தானே மாட்டியிருக்காருன்னு எனக்கே திருப்பிச் சொல்லுவாங்க."

ஜெரால்ட் ரிமோட்டை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஃபிளோரா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொன்னு. உங்க ஃபோன்ல என் நம்பர என் பேர்ல போடுங்க. இப்பவே. நான் பாக்கணும்."

அவர் ஃபோனை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். 'ஃபிளோரா அக்கா' என்று வந்தது. அவள் பார்த்துத் தலையசைத்தாள். நல்ல மனுஷன்தான், காது வரைக்கும் சிவந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஃபிளோரா கொஞ்ச நேரம் தையல் ரூமில் நின்றாள். சுவரில் அவள் போட்ட நீலக் கட்டம் அப்படியே இருந்தது, ஒரு ஆணிகூடப் படாமல். அலமாரியில் மயில் கழுத்து நிறப் பட்டு, குடவாசல் பெண்ணின் ரவிக்கை, கழுத்து வேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பிரிக்கும்போதே நெஞ்சிலிருந்து அந்தச் சூடு கிளம்பியது. சட்டென்று துணியை மூடி வைத்தாள். வெளியே போய், மதில்மேல் எட்டி அனுசுயாவைக் கூப்பிட்டாள்.

"ஒரு கை புடிக்கிறியா?"

"எதைக்கா?"

"கட்டில."

அனுசுயா வந்து பார்த்தாள், ஏசியைப் பார்த்தாள், ஃபிளோராவின் முகத்தைப் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். கட்டிலைக் கழற்றி, சட்டம் சட்டமாக முன்பக்கம் கொண்டுபோய், நீலக் கட்டம் போட்ட சுவரை ஒட்டி மறுபடி பூட்டினார்கள். புது விரிப்பையும் சுருக்கமில்லாமல் விரித்தார்கள். தையல் மெஷினைத் தூக்க முடியவில்லை. காலுக்கு அடியில் கோணியைப் போட்டு, ஒருத்தி இழுக்க ஒருத்தி தள்ள, நடுவீட்டைத் தாண்டி உள்ளே கொண்டுபோனார்கள். பிறகு ஆரி சட்டம், வெட்டுகிற மேசை, நூல் டப்பாக்கள். எல்லாம் உள்ளே போனதும் ஃபிளோரா கதவைச் சாத்தி ரிமோட்டை அழுத்தினாள். அனுசுயா தரையிலேயே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "சொர்க்கம்க்கா" என்றாள்.

இருட்டுகிற நேரத்தில் குழந்தைராஜ் வந்தபோது வீட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, ஆனால் வேறு திசையிலிருந்து. முன்பக்கத் தையல் ரூமில் கட்டிலைப் பார்த்தார். அங்கேயே நின்றார். பிறகு படுக்கையறைக் கதவைத் திறந்தார். குளிர் முகத்தில் அடித்தது. உள்ளே ஃபிளோரா ரவிக்கைக்கு லைனிங் கொடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றி காய்ந்திருந்தது. கழுத்தில் ஈரத் துண்டு இல்லை.

"என்ன பண்ணி வச்சிருக்க? மாப்பிள்ளை எங்க படுப்பாரு?"

"சீலிங் அடிச்ச ரூம்ல. அதுவே போதும்னீங்களே."

"விளையாடாத ஃபிளோரா. லின்சி ஃபோன் பண்ணிச்சு, ராத்திரி ரயிலுக்குக் கெளம்பிட்டாங்களாம். விடிஞ்சா வந்து நிப்பாங்க. என்னன்னு சொல்றது?"

"அம்மா வேலை செய்யிறான்னு சொல்லுங்க. கதவ சாத்துங்க, குளிர் போவுது."

அவர் கதவைச் சாத்தினார். வேறென்ன செய்வதென்று தெரியாமல் முன்ரூமுக்கு வந்து, மாப்பிள்ளைக்கு விரித்த விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார். பகலெல்லாம் காய்ந்த ஷீட்டின் சூடு சீலிங்கைத் தாண்டி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று சுவர் சுவராகத் தேடினார். இந்த ரூமில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கழுத்து நசநசத்தது. அப்போதுதான் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே அந்த நீலக் கட்டம் கண்ணில் பட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, எம்பி நின்று அழுத்தித் துடைத்தார். கோடு போகவில்லை. வேர்வைத் துண்டு பட்ட இடமெல்லாம் நீலம் இன்னும் அகலமாகப் பரவியது. உள்ளே மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.