தளபதி தலையாட்டிய விதம்

பல்கேரியர்களான நாங்கள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினால் 'ஆமாம்' என்று அர்த்தம். மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை'. ரஷ்யர்களுக்கு அப்படியே நேர்மாறு. இந்த அற்ப விஷயத்தில்தான் என் கணவன் ராதோயின் தூக்கம் போயிற்று.

போர்க்காலத்தில் அவன் மலையில், ப்ரோதான் என்ற தளபதியின் கொரில்லாப் படையில் இருந்தான். ப்ரோதான் மாஸ்கோவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஒருநாள் மாவு மில்காரன் மின்சோவைப் பிடித்து வந்தார்கள். எதிரிக்குத் துப்புக் கொடுத்தான் என்று சந்தேகம், அவ்வளவுதான். "சுட்டுடவா?" என்று கேட்டான் ராதோய். தளபதி வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். ராதோய் சுட்டுவிட்டான்.

துப்புக் கொடுத்தவன் வேறொருவன் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி. தளபதி ஆட்டியது நம்மூர்த் தலையா, மாஸ்கோத் தலையா? கேட்பதற்குள் படை பிரிந்தது, போர் முடிந்தது, தளபதி பிரதமராகிவிட்டார். பிரதமரிடம் போய் அன்றைக்குத் தலையை எப்படி ஆட்டினீர்கள் என்று யார் கேட்பது?

போன இலையுதிர் காலத்தில் அவரே எங்கள் ஊருக்கு அணை திறக்க வந்தார். ராதோய் காலையிலேயே முகம் மழித்துக் கிளம்பிவிட்டான்; நானும் கூடவே போனேன்.

"வாயை மூடிட்டு நில்லு. கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றேன்.

"அது கட்டளைன்னா நான் சிப்பாய், வெலிகா. இல்லைன்னா கொலைகாரன்."

பிரதமர் அவனை அடையாளம் கண்டு கட்டிக்கொண்டார். "அட ராதோய், இன்னும் சாகலியா நீ?" ராதோய் கேட்டே விட்டான். பக்கத்தில் பத்திரிகைக்காரர்கள் நின்றார்கள். பிரதமரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"நான் வேண்டாம்னுதான்யா சொன்னேன். மாஸ்கோவுல இருந்தவன், எனக்கு அந்தப் பழக்கம்தான். நீதான் அவசரப்பட்டுட்டே." தோளில் தட்டிவிட்டு நகர்ந்தார்.

ராதோய் கூட்டத்தை விட்டுப் போய்விட்டான். பின்னால் ஓடப்போன என் கையில் ஊர்த்தலைவர் ரக்கியாச் சாராயப் புட்டியும் கோப்பைகளும் இருந்த தட்டைத் திணித்தார். எரிச்சலை அடக்கிக்கொண்டு பிரதமர் பக்கத்தில் போனேன்.

"தோழர், ஒரு ரக்கியா ஊத்தட்டுமா?"

இன்ஜினீயரோடு பேசிக்கொண்டே, திரும்பாமல், தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். மாஸ்கோப் பழக்கம்தானே, வேண்டாம் போலிருக்கிறது என்று நான் சும்மா நின்றேன். சற்றுப் பொறுத்துத் திரும்பினார்.

"என்னம்மா பாத்துட்டு நிக்கிறே? ஊத்துன்னுதானே சொன்னேன்."

ஊற்றினேன். அந்தச் சாராயத்தை அவர் மூஞ்சியில் ஊற்றாமல் வந்ததற்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ராதோய் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த ஆள் பொய் சொல்றான், ராதோய். அவன் தலை நம்மூர்த் தலைதான்."

"ஊர் திரும்பி இத்தனை வருஷமாச்சு. பழக்கம் மாறியிருக்கும்."

"இல்ல, பொய்."

"இருக்கட்டும். வேண்டாம்னுதான் சொன்னேன்னு ஊரறியச் சொல்லிட்டாரே. அதை மாத்திச் சொல்ல இனி யாரு இருக்கா?"

எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான். எங்கே என்று கேட்டேன்.

"மின்சோ பொண்டாட்டிகிட்ட. கட்டளைன்னு சொல்லித்தானே இத்தனை நாளா அவ முகத்துல முழிச்சேன்."