சனிக்கிழமைப் பருப்பு

பலகையில் பரப்பிய மாவைத் தகட்டால் இழை இழையாக வழித்து, கொதிக்கிற நீரில் தள்ளிக்கொண்டிருந்தாள் ஹில்ட்ரூட். மூழ்கிய இழைகள் மேலே மிதந்து வந்ததும் அரிகரண்டியால் அள்ளிக் கிண்ணத்தில் போட வேண்டும். ஸ்பெட்ஸ்லே என்கிற இந்த மாவு இழையைப் பிழிவதற்கென்றே கடையில் அச்சு விற்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் ஒன்று வாங்கினாள். மாமனார் ஆல்வின் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "புழு மாதிரி இருக்கு" என்று தட்டை நகர்த்தினார். அச்சு அன்றைக்கே பரணுக்குப் போய்விட்டது. ஸ்பெட்ஸ்லே என்றால் பலகையில் வழித்ததாக இருக்க வேண்டும். சனிக்கிழமை என்றால் ஸ்பெட்ஸ்லேயும் பருப்பும் அவித்த சாஸேஜும்தான். அந்த வீட்டில் கிழமை தெரிந்துகொள்ள நாட்காட்டி வேண்டாம், அடுப்பை எட்டிப் பார்த்தால் போதும்.

காலையில்கூட மாடி அறையில் படுத்தபடி, "இன்னிக்கு என்ன?" என்று கேட்டார் ஆல்வின். "சனிக்கிழமை, மாமா" என்றாள். திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவருக்கு ரவைக் கஞ்சிதான், ஆனாலும் கேட்காமல் இருக்க மாட்டார்.

பருப்பில் வினிகர் ஊற்றிக் கிளறி மூடிவிட்டு, கஞ்சித் தட்டோடு மாடியேறினாள். கிழவர் சுவரைப் பார்த்துத் தலையைச் சாய்த்திருந்தார். கூப்பிட்டாள். கையைத் தொட்டாள், சூடு இன்னும் இருந்தது. வாய்க்கு முன்னால் தன் கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

அவள் முதலில் நினைத்தது ஜன்னலைத்தான். ஒருவர் போனதும் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆவி வெளியே போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே தவிக்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்கூட அந்த ஊரில் இதை மீறுவதில்லை. கொண்டியில் கை வைத்தவள் நிறுத்தினாள். இந்தப் பனியில் ஜன்னல் திறந்தால் எதிர்வீட்டுக்காரிக்கு உடனே விளங்கிவிடும். பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால் தெரு தெரிந்துகொள்வது நியாயமில்லை. கீழே சொல்லிவிட்டு வருவோம் என்று இறங்கினாள்.

சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மூன்று பேரும் மேசைக்கு வந்துவிட்டார்கள்: அவள் கணவன் ரைன்ஹோல்ட், டவுனிலிருந்து வந்திருந்த அவன் அக்கா குட்ருன், காலையில் பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கிய க்ளோட்டில்ட் அத்தை. ஆல்வினின் தங்கை அவள். இரண்டு நாள் இருந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகிறவளுக்கு இத்தனை பெட்டி எதற்கு என்று ஹில்ட்ரூட் அப்போதே யோசித்தாள்.

"அப்பாவுக்கு அப்புறம் அந்த ரூம வெள்ளையடிச்சுட்டா அத்தைக்குக் கச்சிதமா இருக்கும்" என்றாள் குட்ருன். "காலைல வெயிலு வேற வருது."

"எனக்கெதுக்கு வெயிலு. மத்தியானம் ஒரு பிடி சூடா கெடச்சா போதும். யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்."

"ஹில்ட்ரூட்டுக்கு இதெல்லாம் பழகின வேலதான் அத்தை" என்றான் ரைன்ஹோல்ட். "அடுப்பு எப்படியும் எரியுது."

ஹில்ட்ரூட் அப்படியே நின்றாள். ஏரிக்கரை ஊரில் அவள் தங்கை லேனி விடுதி நடத்துகிறாள். ஈஸ்டருக்கு மேல் அங்கே சமையலுக்கு ஆள் வேண்டும். சம்பளம், தனி அறை, ஞாயிறு லீவு. உனக்காக அந்த இடத்தை வைத்திருக்கிறேன் என்று வருடாவருடம் சொல்கிறாள். கிழவர் படுக்கையில் விழுந்தபோது ரைன்ஹோல்ட் அவள் தோளில் கை வைத்து, "அப்பா இருக்கிற வரைக்கும் பொறுத்துக்கோ, அதுக்கப்புறம் உன் இஷ்டம்" என்றிருந்தான். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் தட்டும் கஞ்சியுமாக மாடியேறி இறங்கினாள். மாமா போய்விட்டார் என்று இப்போது வாயைத் திறந்தால், அழுகையிலும் சாவு வேலையிலும் அந்தப் பேச்சு மூழ்கிவிடும். மூழ்கியதும் அத்தையின் பெட்டி மாடியேறும்.

கதவைத் தள்ளினாள்.

"அப்பா சாப்பிட்டாரா?" என்றான் ரைன்ஹோல்ட்.

"தூங்கறார்" என்றது அவள் வாய்.

மூலை பெஞ்சில் வெளி ஓரம்தான் எப்போதும் அவள் இடம், அடுப்புக்கு எழுந்து போக வசதியாக. இன்றைக்கு இடுப்பு வலி என்று அத்தை அங்கே உட்கார்ந்துவிட்டாள். ஹில்ட்ரூட் மேசையை இடித்துக்கொண்டு உள்மூலைக்கு நகர வேண்டியிருந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் குட்ருனின் தடித்த தோள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் ஆவி படிந்து வெளுத்திருந்தது. இனி எல்லோரும் எழுந்தால்தான் அவளால் எழ முடியும். ரைன்ஹோல்ட் முணுமுணுவென்று ஜெபம் சொல்லி முடித்தான்.

"வினிகர் கொஞ்சம் கம்மி" என்றாள் அத்தை, தட்டை இரண்டாம் முறை நீட்டியபடி.

"அம்மா கை ருசி வராதுதான்" என்றாள் குட்ருன்.

ஹில்ட்ரூட்டுக்கு அழுகை வரவில்லை. தலைக்கு மேலே ஒருவரைப் பூட்டி வைத்துவிட்டு இங்கே கரண்டி பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்கிற நினைப்பு விடவில்லை. ஆனால் எழுந்திருக்க வழியில்லை. கேட்டாக வேண்டும், இப்போதே கேட்டாக வேண்டும்.

"ரைன்ஹோல்ட், மாமாவுக்கு அப்புறம் நான் லேனிகிட்ட போகலாம்னு சொன்னியே. இப்பவும் அதே பேச்சுதானா?"

"சாப்பிடற நேரத்துல என்ன இது?"

"ஆமாவா இல்லையா, சொல்லு."

அவன் அக்காவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான். வெயில் காலம் வரைக்கும் தாங்குவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெயில் காலம் வெகு தொலைவில் இருந்தது. அத்தை முன்னால் சண்டை வேண்டாம் என்றும் தோன்றியிருக்கும்.

"சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அப்பாவ அடக்கம் பண்ணின மறுநாளே கெளம்பு, யாரு கையப் புடிச்சா? ஆனா பாத்துக்கோ, அவரு நம்ம எல்லாரையும் வழியனுப்பி வெச்சுட்டுத்தான் போவாரு."

குட்ருன் சிரித்தாள். அத்தை இன்னொரு சாஸேஜை எடுத்துக்கொண்டாள்.

"நீயும் கேட்டுக்கிட்டியா, குட்ருன்?"

"கேட்டேன் கேட்டேன். தின்னு, ஆறிடும்."

ஹில்ட்ரூட் கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா போயிட்டார். நான் கஞ்சி கொண்டுபோனப்பவே."

முதலில் பேசியது அத்தைதான்.

"ஜன்னலத் திறந்தியா?"

"இல்ல."

அத்தை நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "எங்கண்ணன அந்த ரூமுக்குள்ள அடச்சுப்போட்டுட்டு, இங்க உக்காந்து எங்களோட பருப்புத் தின்னுட்டிருந்தியா?"

"ஆமா அத்தை."

மேசை இடிபட, மூவரும் எழுந்து மாடிக்கு ஓடினார்கள். பெஞ்ச் காலியானது. மேலே கொண்டி தட்டுகிற சத்தமும் ஜன்னல் திறக்கிற சத்தமும் கேட்டன, பிறகு குட்ருனின் அழுகை. அதைக் கேட்டதும் ஹில்ட்ரூட்டுக்கும் அழுகை வந்தது. கிழவர் கெட்டவர் இல்லை. வேளைக்குச் சோறு கேட்டார், அவ்வளவுதான். அவரைக் காக்க வைத்ததற்காக வெட்கப்பட்டு, கைத்துண்டில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

ரைன்ஹோல்ட் கண் சிவந்து இறங்கி வந்தான். "எங்கள முட்டாளாக்கிட்ட."

"ஒரு வார்த்த வாங்கினேன்."

"அத்தைக்கு என்ன பதில் சொல்றது?"

"அடக்கம் முடியற வரைக்கும் இருக்கேன். வர்றவங்களுக்குக் காப்பியும் பின்னல் ரொட்டியும் நான்தான் செய்வேன், கடைல வாங்கக் கூடாது. மறுநாள் காலைல பஸ்."

அவன் ஏதோ சொல்ல வந்து, கோட்டைப் பார்த்தான். "இப்ப எங்க?"

"பாதிரியார் வீட்டுக்கு. சாவு மணி அடிக்கச் சொல்லணும்."

மாடியிலிருந்து குட்ருனின் குரல் வந்தது. "ஹில்ட்ரூட், அத்தைக்கு மயக்கமா வருதாம். ஒரு துண்டு ரொட்டில வெண்ணெ தடவி எடுத்துட்டு வா."

ஹில்ட்ரூட் மேல் பட்டனைப் போட்டாள். ரைன்ஹோல்ட் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் நகரவில்லை என்றதும் ரொட்டியைத் தானே எடுத்து மேசையில் வைத்தான். கத்திக்காக ஓர் இழுப்பறையைத் திறந்தான், கரண்டிகள். அடுத்ததில் மேசை விரிப்புகள். அதற்கடுத்ததில் நூல்கண்டும் மெழுகுவத்தியும். சரியான இழுப்பறையைக் காட்ட அவள் கை தானாக எழுந்தது. அதைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அவன் முதல் இழுப்பறையை மறுபடியும் திறந்தான்.