முளையின் எடை

மருத்துவமனை ஆய்வகத்தில் உணவின் சத்தை அளப்பவள் நான். என் அறிக்கையில் ஒரு புள்ளிகூடப் பிசகாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அங்கே சமையலறைக்குத் தலைவி என் அண்ணி. ரத்தசோகை நோயாளிகளுக்கு முளைகட்டிய கினோவா தானியத்தை வேகவைத்துக் கொடுக்கவேண்டும் என்று மூன்று மாதமாக ஒற்றைக்காலில் நின்றார். அன்று பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். பெரிய டாக்டர் மறுத்துவிட்டால் அதோடு சரி.

டாக்டருக்கும் அண்ணிக்கும் காலையிலேயே அறிக்கை அனுப்பிவிட்டேன். நூறு கிராம் கினோவாவில் புரதம் பதினான்கு கிராம், முளைகட்டியதில் ஆறு.

அண்ணி நேரே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார்.

"பாதிக்கு மேல எங்க போச்சு? முளையே தின்னுடுச்சா?"

"மெஷின் சொல்றதத்தான் எழுத முடியும் அண்ணி. நாத்தனாருங்கறதுக்காக நம்பர மாத்த மாட்டேன்."

"மாத்தச் சொன்னேனா? எங்க போச்சுன்னுதான கேட்டேன்."

முகம் வாடித் திரும்பிப் போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஏனென்றால் கேள்வி நியாயமானது. பத்து கிராம் முளையை எடுத்து ஈரம் அளக்கும் கருவியில் வைத்தேன். இருபது நிமிடத்தில் நாலு கிராம்தான் மிஞ்சியது. மற்றதெல்லாம் தண்ணீர்.

புரதம் எங்கேயும் ஓடவில்லை. என்னிடம் வருவதெல்லாம் மாவும் பொடியும் என்பதால் ஈரத்தைக் கழிக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சமம். போதாததற்கு, இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டேட் முளையில் நன்றாகக் குறைந்திருந்தது. அதைக் கடைசி வரியில் போட்டுப் புதைத்தவளும் நான்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கூட்ட அறைக்கு ஓடினேன். டாக்டர் கையில் என் அறிக்கை இருந்தது.

"சத்து பாதியாக் குறையுதாமே, அப்புறம் எதுக்கும்மா இது?"

அண்ணியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ரிப்போர்ட் தப்பு. தப்பு பண்ணது நான்." நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

டாக்டர் அண்ணியிடம் திரும்பினார். "வேக வெச்சா சத்து போகாதா?"

"வடிச்சுக் கொட்டுனா தண்ணியோட கொஞ்சம் போயிடும் சார். நாங்க அளவாத் தண்ணி ஊத்தி, வத்த வெச்சு எடுப்போம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். சரிதான் என்று தலையாட்டினேன்.

"ஒரு வார்டு, ஒரு மாசம். ரத்தத்துல இரும்பு ஏறுதான்னு பார்ப்போம். ஆனா சத்து அளக்க வேற ஆள் போட்டுக்கலாமா?"



"வேணாம் சார், இவளே அளக்கட்டும்," என்றார் அண்ணி. "தப்பு பண்ணிட்டேன்னு ஓடி வந்து சொல்ற ஆள நான் எங்க போய்த் தேடுவேன்?"