முந்நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு கை

பூவத்து மாரிக்கண்ணுவின் இடது கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும், ஒன்றரை வருடம் கடலில் முந்நூறு மீட்டர் ஆழத்தில் இருந்தது. மற்ற உடம்பு கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி அள்ளிக்கொண்டிருந்தது. கை உடம்போடு ஒட்டித்தான் இருந்தது, பார்த்தால் எல்லாக் கையையும் போலத்தான். தொட்டால் ஐஸ் பெட்டி மீன் மாதிரிச் சில்லிட்டிருக்கும். விரல்களிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், நகத்துக்கடியில் பொடிச் சிப்பி கிடக்கும். மேஸ்திரி இதை முதலில் லாபமாக நினைத்து, தூசி அடங்கட்டும் என்று அவனை நிலக்கரிக் குவியலைச் சுற்றி நடக்கவிட்டார். உப்புத் தண்ணீர் சரக்குக்கு ஆகாது என்று மேலிடத்தில் சொன்னதால் நான்காம் நாள் நிறுத்திக்கொண்டார்.

இதற்கெல்லாம் காரணம் சகலை சிவநாதன். அக்காள் நீலாயதாட்சியைக் கட்டியவர் அவர், தங்கை தாமரைச்செல்வியைக் கட்டியவன் மாரிக்கண்ணு. சிவநாதனுக்குப் பிரான்சில் வேலை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவு. ஒரு லீவுக்கு நீல முகப்பு வைத்த, முக்குளிக்கிறவர்கள் கட்டும் கடிகாரத்தோடு வந்தார். சட்டைக் கையை மடக்கிவிட்டு, "தண்ணிக்குள்ள எறநூறு மீட்டர் தாங்கும் சகலை" என்றார். காபி கொண்டுவந்த தாமரைச்செல்வி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. அவர்கள் போனபின் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அத்தான் கைக்கு எடுப்பா இருக்குல்ல?" என்று வேறு கேட்டாள். பதினாலு வருடக் குடித்தனத்தில் தன் கையை அவள் ஒரு தடவையும் அப்படிப் பார்த்ததில்லை என்பது மாரிக்கண்ணுவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாதம் அப்பா வழியில் வந்த ஒரு மா நிலத்தை விற்றுவிட்டு, பஸ் ஏறிக் காரைக்காலுக்குப் போனான்.

பிரான்சு போய்வருகிறவர்கள் விற்கும் பழைய கடிகாரங்களை அங்கே வாங்கி விற்பவள் சித்திக்கா. துணி விரித்து மூன்றை வைத்தாள். ஒன்று மெலிசாக, தங்க நிறம். ஒன்று அச்சு அசல் சிவநாதனுடையது போல நீலம். மூன்றாவது ஆரஞ்சு முகப்பு, ஓரமெல்லாம் கீறல், கையில் எடுத்தால் படிக்கல் கனம்.

"இதுக்குப் பொட்டியும் இல்ல, பேப்பரும் இல்லண்ணே. கடலுக்கடியில குழாய்க்கு வெல்டிங் வச்சவரு கட்டுனது. நீலத்த எடுத்துக்கங்க, அதான் சுத்தம்."

"நீலம் எவ்வளவு தாங்கும்?"

"எறநூறு."

"இது?"

"முந்நூறு."

"அப்ப இதையே குடு தங்கச்சி."

"நீச்சல் தெரியுமாண்ணே?"

"தெரியாது. ஏன், கடிகாரத்துக்குத் தெரியாதா?"

அதைக் கட்டிக்கொண்டு வந்து பூவத்தில் இறங்கும்போது பஸ் சீட்டு நனைந்திருந்தது. கழற்றினால் கை மேலே வந்துவிடும், அது அவனுக்கே தெரியும். கழற்றவில்லை. சிவநாதன் அடுத்த லீவுக்கு வரும்போது பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும், அதைத் தாமரைச்செல்வி பார்க்க வேண்டும். அதுவரை அவள் பார்த்தது தரையைத்தான். "ஒரு வாளியாவது பக்கத்துல வச்சுக்கங்களேன்" என்று துடைத்துக்கொண்டே திட்டுவாள். பாய், தலையணை எல்லாம் உப்புப் பூத்தது. இப்படி ஒன்றரை வருடம் போனது.

ஓர் ஆடி மாதக் காலையில் அந்தக் கையில் மருதாணி இருந்தது. ஐந்து விரலுக்கும் தொப்பி, உள்ளங்கையில் வட்டமாக ஒரு பொட்டு. தண்ணீருக்குள் எப்படிப் பிடித்தது என்று தாமரைச்செல்வி கேட்கவில்லை.

"யாரு வச்சா?"

"சத்தியமா தெரியல தாமரை."

"நல்லா செவந்திருக்கே. பிரியமா வச்சிருக்கா."

அவன் பயந்துபோய்க் கடிகார வாரை அவிழ்க்கப் போனான். "கழட்டாதீங்க. கழட்டுனா அவ தப்பிச்சுருவா" என்று தடுத்து, அவன் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டாள். அவள் கையும் இறங்கியது. வளையல்கள் மிதந்து முழங்கைப் பக்கம் ஏறின. கீழே இருட்டில் துழாவி எதையோ பிடித்தாள், ஓங்கிக் கிள்ளினாள். "கட்டுன பொண்டாட்டி நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று தரையைப் பார்த்துக் கத்தினாள்.

அதிலிருந்து அவன் வேலைக்குப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். சாயங்காலம் குளித்து வந்ததும் தானே கட்டிவிடுவாள். ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று அவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "போட்டா, நான் பயந்துட்டேன்னு அவ நெனைக்க மாட்டாளா?" என்றாள். தினமும் அவன் கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, நகம் நகமாகப் பார்ப்பாள். அப்புறம் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அடுத்த வீட்டுக்காரர்கள் தண்ணீர் போக வாசல் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொடுத்தார்கள்.

தை மாதம் ஒரு சாயங்காலம் சிவநாதன் நீலாயதாட்சியைக் கூட்டிக்கொண்டு, புதுக் கடிகாரத்தோடு வந்தார். "இது ஆயிரம் மீட்டர் சகலை" என்று நீட்டினார். "அப்புடியாங்க அத்தான்" என்றாள் தாமரைச்செல்வி, தலையைத் தூக்காமல். "அக்கா, காபிய நீயே போட்டுரு, எனக்குக் கை ஒழியல." இரண்டு வருடமாகக் காத்திருந்த மாரிக்கண்ணு அந்த ஆயிரம் மீட்டரைப் பார்த்தானா என்றால், பார்க்கவில்லை. அவள் அப்போது கீழே யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் நகம் அவன் உள்ளங்கையில் அழுந்தியிருந்தது, வலித்தது, அவன் அசையவில்லை. தண்ணீர் தரையில் பரவி வருவதைக் கண்ட சிவநாதன், கால் இரண்டையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, காபியைக் குடித்து முடித்தார்.