ஏழாம் கட்டிலின் பதினோராவது துடிப்பு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தானோ என்னவோ, அலுவலகத்தில் என்னை ரஸ்ட் என்ற கணினி மொழியின் பக்கம் உட்கார வைத்தார்கள். அந்த மொழியும் அப்படித்தான். ஒரு வரி தப்பாக எழுதினால் முகத்துக்கு நேரே திட்டும். ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாத வேகம். எதிர் மேசைக்காரர் எழுதுவது எர்லாங் என்ற இன்னொரு மொழி. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பொறுமை. அவருடைய நிரலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குட்டி ஆள். எதிலாவது இடறினால் அது செத்துப்போகும், மேலே இருக்கும் கண்காணி உடனே புதிதாக ஒன்றை எழுப்பிவிடும். “செத்தா சாகட்டுமே, எழுப்பிக்கலாம்” என்பார், தேநீரை ஊதிக்கொண்டே.

எங்கள் நிரல் ஓடும் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு கட்டில்கள். கட்டிலுக்கு ஒரு குட்டி ஆள் அவருடையது. நாடியைக் கணக்கிடும் வேகமான பகுதி என்னுடையது. வயர் நழுவினாலே கோடு தட்டையாகி நர்ஸ்கள் பதறினார்கள். அதனால் பத்து நொடி வரை பழைய துடிப்பைப் போட்டு நிரப்பச் சொல்லியிருந்தேன். பழைய துடிப்பு இருப்பது என் நினைவகத்தில், கட்டில் எண்ணின் கீழ். பத்து நொடியை எண்ணுவது அவருடைய ஆள். நோயாளி மாறினால் அதை அழிப்பது யார்? நான் என்று அவர் நினைத்தார், அவர் என்று நான் நினைத்தேன்.

அன்று காலை அக்காவுக்கு அறுவை சிகிச்சை. தள்ளிக்கொண்டு போகும்போது, “நீ எழுதின மெஷினா? செத்தாக்கூட அது ஆளை விடாதுடி” என்று சிரித்தாள். அம்மா போனபிறகு எனக்குத் தலை வாரிவிட்டதே அவள்தான்.

மதியம் அவளை ஏழாம் கட்டிலுக்கு மாற்றினார்கள். என்னை உள்ளே விடவில்லை, அலுவலகத்துக்கு வந்து பார்த்தபோது என் மேசைத் திரையில் எழுபத்திரண்டு என்று ஓடியது. அப்பாடா என்று சாய்ந்தேன். சாய்ந்தபடியே எண்ணவும் செய்தேன். பத்து துடித்தது. பதினோராவது வரவில்லை. மறுபடி பத்து. பதினோராவது வரவில்லை.

அந்த நாடி எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் அதே கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். சோதனைக்காக நாள் முழுக்க அவர் நாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; பத்து துடித்தால் அடுத்தது தவறும். அவர் இறந்தபின் கட்டில் காலியாகவே கிடந்தது.

நர்ஸுக்குப் போன் செய்தேன்.

“எழுபத்திரண்டு, அழகா ஓடுதேம்மா. தூங்குறாங்க, எழுப்ப வேண்டாம்.”

“அது எங்க அக்கா நாடி இல்ல.”

“பின்ன யாரோடதாம்?”

“முன்னாடி இருந்த தையல்காரரோடது.”

“நீங்க சாப்டீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அக்காவின் நாடி கணக்குக்குச் சிக்காத அளவுக்கு மெலிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் பத்து நொடி முடியும் முன்பே குட்டி ஆள் அதில் இடறிச் செத்தது, எழுந்தது, பத்து நொடியை முதலிலிருந்து எண்ணியது. இடையில் தையல்காரர் துடித்துக்கொண்டே இருந்தார்.

“அந்த ஆளை நிறுத்திடவா?” என்றார் பொறுமை.

“நிறுத்தினா எழுந்துடும். நினைவு என் பக்கம்தானே இருக்கு, தேடி அழிக்க நேரமில்ல.”

என் பகுதி விழுந்தால் கண்காணியும் சேர்ந்து விழும், பன்னிரண்டு திரையும் இருண்டுவிடும். இரண்டு வருடமாக நாங்கள் பயந்தது அதற்குத்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு: திரை இருண்டால் ஆளுக்கொரு கட்டிலுக்கு ஓடி, நோயாளியின் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். சோதனைக்கு வைத்திருந்த கட்டளையை அடித்து மொத்தத்தையும் விழவைத்தேன். பொறுமை எழுந்து நின்றார். தேநீர் மேசையெல்லாம் கொட்டியது.

ஏழாம் கட்டிலுக்கு ஓடிய நர்ஸுக்கு நாடி கிடைக்கவில்லையாம். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, உடனே மறுபடி திறந்து அடைத்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மற்ற பதினொரு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தையல்காரரின் துடிப்பை நானே தேடி அழித்தேன், இரண்டு தரம் சரிபார்த்தேன்.

மறுநாள் காலை என்னை உள்ளே விட்டார்கள்.

“என்னடி மூஞ்சி இது? அதான் பொழச்சுட்டேனே” என்றாள் அக்கா.

“பேசாம படு” என்று சொல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். வயர் இல்லை, திரை இல்லை, என் விரல்தான். பத்து துடித்தது. பதினோராவது வரவில்லை. மறுபடி எண்ணினேன்.

“என்னடி எண்ணிட்டு இருக்க?”

“ஒண்ணுமில்லக்கா.”

இதை அழிக்க என்னிடம் கட்டளை எதுவும் இல்லை. கையை விடவும் பயமாக இருந்தது, பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.