அன்ரனிற்றாவின் ரேந்தைப் பாவாடை

ஜெர்மனியின் வுப்பர்டாலில் யாராவது அன்ரனிற்றாவைப் பற்றிக் கதைத்தால் அவளுடைய பாவாடையில் அன்றைக்கே ஒரு வரிசை ரேந்தை, அதுதான் லேஸ் பின்னல், கூடிவிடும். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற இருபத்திரண்டு வயதுப் பெட்டை. ஞாயிறுகளில் மட்டும், டோக்கியோவின் ஹராஜுகு வட்டாரத்து இளசுகள் உடுத்துத் திரிவது போல, கறுப்புக் குடைப்பாவாடை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, தலையில் நாடா என்று பக்கத்து நகரமான டுசில்டோர்ஃபுக்குப் போய்த் தன் கூட்டாளிகளோடு நிற்பாள். வாங்கும்போது அந்தப் பாவாடையில் ரேந்தையே இல்லை.

தாய் வெரோனிக்கா மன்னாரிலிருந்து வந்தவள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மகள்தான் கள்ளமாகத் தைக்கிறாள் என்று முதலில் ஏசினாள். பிறகு பாவாடை அலுமாரிக்குள் தொங்கியபடியே வளர்வதைக் கண்ணால் கண்டாள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து சனம் வாசலில் நின்றால் இரண்டு மூன்று வரிசை வரும். கனடாவிலிருந்து போனில் வந்த கதைக்கு முத்து வைத்த ரேந்தை, லண்டனிலிருந்து வந்ததற்குக் கசங்கினது. அடடா, சும்மா கிடந்த வாய்களுக்குத்தான் எத்தனை கைவேலை! ஒருநாள், ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் அந்த ஊர்த் தொங்குரயிலின் கதவில் பாவாடை சிக்கியது. ஜெர்மன்காரர் நேரம் பிந்துகிறதே என்று மட்டும் முணுமுணுத்தார்கள்.

வசந்தத்தில் பாவாடை நுழைய வீட்டுக் கதவும் போதாமல் போனது. "அம்மா, எனக்கு இஞ்சை இருக்க ஏலாது. டுசில்டோர்ஃபிலை அறை எடுத்திட்டன். ஓகஸ்ட் முடியப் போறன்," என்றாள் அன்ரனிற்றா. ஒற்றைப் பிள்ளை.

மகள் வேலைக்குப் போன ஒரு நாள் வெரோனிக்கா பாவாடையும் கத்திரிக்கோலுமாக உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரிசையையும் பிரிக்கும்போது அந்தக் கதையைச் சொன்னவரின் குரல் அப்படியே கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்புவரை வந்தாள். எல்லாவற்றுக்கும் உள்ளே, முதல் வரிசையில், வெரோனிக்காவின் சொந்தக் குரல். பிறத்தியார் சொல்லுமுன் நாமே சொல்லிவிட்டால் மானம் மிஞ்சும் என்று, யாத்திரை பஸ் ஒழுங்குசெய்கிற பென்ஜமினுக்கு அவளே போன் எடுத்துச் சொன்னது: "அண்ணை, அது என்ர பிள்ளை மாதிரியே இல்லை." அந்த வரிசையைக் கத்திரிக்கோல் வெட்டவில்லை. பிரித்தவையும் பின்னேரத்துக்குள் திரும்ப முளைத்துவிட்டன.

ஓகஸ்டில் கெவெலார் மாதா கோயிலுக்கு யாத்திரை போக பஸ் வந்து நின்றது. "தங்கச்சி, பிள்ளையை வேற உடுப்போடை வரச் சொல்லுங்கோ. இடம் காணாது," என்றார் பென்ஜமின்.

"காணாட்டி நான் நிண்டு வாறன். இது என்ர பிள்ளை, அண்ணை!"

சனம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, மணப்பெண்ணுக்குத் தூக்குவது போலப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கி மகளை ஏற்றினாள். பின்னாலிருந்து எழுந்த குசுகுசுப்பில் ரேந்தை சாரதியின் காலடிவரை வளர்ந்தது. அவர் அதை ஒதுக்கிவிட்டு ஓட்டினார்.

வழியில் வெரோனிக்கா மடிப்புகளுக்குள் கைவிட்டு அந்த முதல் வரிசையைத் தேடித் தொட்டாள். "இது நான் சொன்னது, பிள்ளை."

"தெரியும் அம்மா. அது வந்த அண்டைக்கே உங்கட குரல் கேட்டது."

கெவெலார் வரும்வரை வெரோனிக்கா அழுதாள். மாதம் முடிய மகள் சொன்னபடியே போய்விட்டாள். அந்த வரிசை இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு ஓகஸ்டிலும் அன்ரனிற்றா யாத்திரைக்கு வருகிறாள். பென்ஜமின் பஸ் பதியும்போதே பின்வரிசை முழுவதையும் பாவாடைக்கு ஒதுக்கி, அதன் ஓரத்தில் தாய்க்கும் ஓர் இடம் வைத்துவிடுகிறார்.