காவலாளி வருகிற இடம்

தூண்களைப் பற்றிப் பேசினால் விருந்தினர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று அவளிடம் சொன்னார் மேலாளர். அந்தக் கட்டடம் தொண்ணூறு வருஷம் வங்கியாக இருந்து, பிறகு பூட்டிக் கிடந்து, இப்போது ஓட்டலாகியிருந்தது. தங்க வந்தவர்களைச் சாயங்காலங்களில் கூட்டிக்கொண்டு போய் அதன் வரலாற்றைச் சொல்வது அவளுடைய வேலை. கல் எந்த மலையிலிருந்து வந்தது, குவிமாடத்துக்குக் கண்ணாடியை எப்படி ஏற்றினார்கள், போர்க்காலத்தில் கூரைக்கு ஏன் கறுப்படித்தார்கள் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"அந்தக் கொள்ளையச் சொல்லும்மா. காவலாளியே கதவத் திறந்து விட்டுட்டு, கடைசியில அவனுங்க கையாலயே செத்தான்ல. அதக் கேட்டா முழிச்சிக்குவாங்க."

"சரி சார்."

அந்தக் காவலாளி அவளுடைய அப்பா. வேலைக்குச் சேரும்போது அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர் சுடப்பட்டபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். கதவை அவர்தான் திறந்தார் என்று ஊர் பேசியது. விசாரணை ஒன்றையும் கண்டுபிடிக்காமலே ஓய்ந்துபோனது. வங்கியிலிருந்து ஒருவரும் துக்கத்துக்கு எட்டிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை வெளுத்து அம்மா அவளை ஆளாக்கினாள். திறந்தார் என்றோ இல்லை என்றோ அம்மா வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. என்ன பதில் வருமோ என்று பயந்து அவளும் கேட்டதில்லை.

முதல் தடவை சொன்னபோது இரண்டு இடத்தில் தடுமாறினாள். போகப் போகப் பழகிவிட்டது. எங்கே குரலைத் தாழ்த்தினால் கூட்டம் நெருங்கி வரும் என்பதுகூடப் பிடிபட்டுவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் பெட்டக அறை வாசலில் அவள் திரும்பியபோது கூட்டத்தின் கடைசியில் அம்மா நின்றாள். வருவதாகச் சொல்லவே இல்லை. கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போலவே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டருகே மேலாளரும் கைகட்டி நின்றார். அந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாய் அதன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. தாழ்த்த வேண்டிய இடத்தில் குரல் தானாகவே தாழ்ந்தது.

"அவனுக்குக் குடும்பம் இருந்துச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தெரியலைங்க."

சுவரில் குண்டு பாய்ந்த குழியை ஓட்டல்காரர்கள் பூசாமல் விட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணும் கணவனும் அதன் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, போனை அம்மாவிடம் நீட்டினார்கள்.

"ஒரு படம் எடுக்குறீங்களாம்மா?"

"எங்க அமுக்கணும்?" என்று கேட்டு, இரண்டு கையாலும் போனைப் பிடித்து, நிதானமாக அம்மா எடுத்தாள். வாங்கிப் பார்த்துவிட்டுக் கணவன் சிரித்தான். "ரெண்டு பேரையுமே வெட்டிட்டீங்களேம்மா. வெறும் செவுருதான் இருக்கு."

வேலை முடிந்து இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே வேறு யாரும் இல்லை.

"அம்மா, அப்பா அந்தக் கதவத் திறந்தாரா?"

அம்மா பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான சொன்ன, திறந்தாருன்னு."

பேருந்து காலியாகத்தான் வந்தது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தாள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி திரும்பியபோது பை மெல்லச் சரிந்தது. அம்மா அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.